ஜொகூரில் வானலைப் பெட்டிகள்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றவுடன் மன்னர்களின் ஆட்சிக்காலமும் போர்களின் வெற்றி தோல்விகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டுக் கூடத்தின் மூலையில் அமர்ந்திருக்கும் ஒரு பெட்டிக்கும் வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாற்றில் அரசியலும் பொருளியலும் மொழியும் பின்னிக் கிடக்கின்றன என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. வானொலிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி, துணைக்கோள் ஒளிபரப்பை வாங்கித் தரும் டிக்கோடர் பெட்டி என ஒரு நூற்றாண்டுக் காலத்தில் மூன்று வகைப் பெட்டிகள் ஜொகூர் மாநிலத் தமிழர் இல்லங்களுக்குள் நுழைந்துள்ளன. அவை நுழைந்த வழியை ஆராய்வது நம் மக்களின் வாழ்வை ஆராய்வதாகவே அமையும்.

இவ்வாராய்ச்சிக்கு இன்று ஒரு தேவையும் ஏற்பட்டுள்ளது. இணையத்தில் ஏலம் விடுவோரும் மலிவு விற்பனை செய்வோரும் துணைக்கோள் டிக்கோடர்களைக் கடை விலையினும் மிகக் குறைந்த விலைக்குத் தருவதாக விளம்பரம் செய்கின்றனர். மாதக் கட்டணம் செலுத்த இயலாத எளிய குடும்பத்தார் அவற்றை நம்பி வாங்குகின்றனர். சில பெட்டிகள் இயங்குகின்றன. பல, வெறும் தகரமாகவே கிடக்கின்றன. மலிவாகக் கிடைத்த பொருள் ஏன் பயன்படாமற் போகின்றது என்னும் வினாவுக்கு விடை, விற்றவரின் நேர்மையில் மட்டும் அடங்கியதன்று. அலைகளை வாங்கும் கருவி ஒன்று, அவ்வலைகளைக் கேட்கவும் காணவும் உள்ள உரிமை மற்றொன்று. இவ்விரண்டும் தொடக்கத்திலிருந்தே வேறு வேறாக இருந்து வந்துள்ளன. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1921: ஜொகூர் மண்ணில் முதற்குரல்

மலாயாவின் வானொலி வரலாறு தலைநகரில் தொடங்கவில்லை, ஜொகூரில்தான் தொடங்கியது. 1921-ஆம் ஆண்டு ஜொகூர் அரசின் மின்பொறியாளராகப் பணியாற்றிய ஏ. எல். பெர்ச் என்பவர் இந்நாட்டுக்கு முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார். அவரே ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தை நிறுவி, 300 மீட்டர் அலைவரிசையில் ஒலிபரப்பையும் தொடங்கினார். இதனைப் பின்பற்றிப் பினாங்கிலும், 1923-இல் கோலாலம்பூரிலும் ஆர்வலர் சங்கங்கள் தோன்றின. ஆகவே, மலாயாவில் வானலைக்கு வாசல் திறந்த பெருமை நம் மாநிலத்துக்கே உரியது.

ஆயினும், அக்காலத்து வானொலி பொதுமக்களின் உடைமையாக இருக்கவில்லை. கருவியின் விலை மிகுதி. அதனை இயக்கத் தேவையான அறிவு சிலரிடமே இருந்தது. ஒலிபரப்பும் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தோரை நோக்கியே அமைந்தது. ரப்பர்க் காடுகளில் விடியுமுன் எழுந்து பால் மரம் சீவிய நம் முன்னோர்க்கு, அக்கருவி துரையின் பங்களாவில் ஒலிக்கும் ஒரு விந்தை என்பதற்கு மேல் பொருள்படவில்லை. 1937 மார்ச் 11-ஆம் நாள் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையத்தை ஆளுநர் சர் ஷெண்டன் தாமஸ் திறந்து வைத்தார். நீரிணைக்கு அப்பாலிருந்து எழுந்த அவ்வலைகள் ஜொகூரை எளிதில் எட்டின. ஆனால், அவற்றை வாங்கும் பெட்டி தோட்டத்து லயன் வீடுகளை எட்டப் பல ஆண்டுகள் ஆயின.

ஜப்பானியர் ஆட்சி நிலவிய 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகள் மற்றொரு பாடத்தைப் புகட்டின. சிற்றலை ஒலிபரப்புகளைக் கேட்பதை ஆட்சியாளர் தடை செய்தனர். மீறியவர் கடுந்தண்டனைக்கு ஆளாயினர். கருவியைத் தம் பணத்தால் வாங்கியவரும் அதனைத் தம் விருப்பம்போல் பயன்படுத்த இயலவில்லை. கருவி ஒருவர் உடைமையாக இருக்க, காற்றில் வரும் சொல் ஆள்வோரின் கட்டுப்பாட்டில் இருக்கும் என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது.

தோட்டத்து மரத்தடியும் பொது வானொலியும்

1946 ஏப்ரல் 1-ஆம் நாள் ரேடியோ மலாயா தோன்றியது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் நிகழ்ச்சிகள் ஒலித்தன. 1948-இல் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அக்காலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் கம்பங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை அரசு வைத்தது. மக்களின் மனத்தைத் தன்பால் ஈர்க்க வேண்டும் என்பதே அரசின் உள்நோக்கம். ஆனால், அப்பெட்டியைச் சுற்றி அமர்ந்த தோட்ட மக்களின் நோக்கம் வேறு. அவர்கள் பாட்டுக்காகவும் நாடகத்துக்காகவும் தம் மொழியில் ஒலிக்கும் செய்திக்காகவும் கூடினார்கள். அரசியல் நோக்கத்தோடு வந்த பெட்டி அவர்களுக்குப் பண்பாட்டுத் தோழனாக மாறியது.

ஒரு பெட்டி, ஓர் ஊர் என்னும் அந்நிலை நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1954-இல் அமெரிக்காவிலும் 1955-இல் ஜப்பானிலும் டிரான்சிஸ்டர் வானொலிகள் விற்பனைக்கு வந்தன. வால்வுகளைக் கொண்ட பெரிய பெட்டிக்கு மின்சாரமோ எடைமிகு மின்கலமோ தேவைப்பட்டது. டிரான்சிஸ்டருக்குச் சிறிய பேட்டரிகளே போதும். இரவில் சில மணி நேரம் மட்டுமே மின்விளக்கு எரிந்த தோட்டங்களுக்கு இது ஒரு பெரும் விடுதலை. அடுத்து வந்த ஆண்டுகளில் விலை குறையக் குறைய, கையில் தூக்கிச் செல்லத்தக்க வானொலி குடும்பத்தின் உடைமையாயிற்று. 1959 சனவரி 1-ஆம் நாள் ரேடியோ மலாயா கோலாலம்பூருக்கு இடம் மாறிய பின்னும், ஜொகூர்த் தமிழர்க்கு ஒரு தனி வாய்ப்பு இருந்தது. சிங்கப்பூர்த் தமிழ் ஒலிபரப்பையும் மலேசியத் தமிழ் ஒலிபரப்பையும் ஒருசேரக் கேட்கும் பேறு தென்கோடியில் வாழ்ந்தவர்க்கே வாய்த்தது.

வானொலி வைத்திருக்க உரிமம் பெற வேண்டும் என்பது அன்றைய சட்டம். கடையில் கொடுத்த விலை கருவிக்கு. அஞ்சலகத்தில் கட்டிய தொகை கேட்கும் உரிமைக்கு. இவ்விரு செலவுகளும் வேறானவை என்பதை நம் பெற்றோர் தலைமுறை நன்கறிந்திருந்தது.

இரு நாட்டு அலைகளுக்கு இடையே

சிங்கப்பூரில் 1963 பிப்ரவரி 15-ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கியது. மலேசியத் தொலைக்காட்சி அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், முதற்கண் கோலாலம்பூர் வட்டாரத்தாருக்காகத் தொடங்கியது. எனவே, ஜொகூர் பாருவில் அக்காலத்தில் தொலைக்காட்சி வாங்கியவரின் ஆண்டெனா முதலில் தெற்கு நோக்கியே திரும்பியது. பின்னர் வடக்கிலிருந்தும் அலைகள் வந்தன. கூரைமேல் இரு திசை நோக்கிய ஆண்டெனாக்கள் நின்ற காட்சி ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் வட்டாரங்களுக்கே உரிய அடையாளமாக நெடுங்காலம் விளங்கியது.

வண்ண ஒளிபரப்பு சிங்கப்பூரில் 1974-இல் வந்தது. மலேசியாவில் 1978-இல் வந்தது. 1972 சூன் 19-ஆம் நாள் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி பள்ளிகளுக்குள் அப்பெட்டியைக் கொண்டு சென்றது. 1984 சூன் 1-ஆம் நாள் தனியார் நிலையமான டிவி3 தோன்றியது. நிலையங்கள் பெருகினவே தவிர, தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் அதற்கேற்பப் பெருகவில்லை. வாரத்தில் ஒரு படம், சில நாடகங்கள், செய்தி என்ற அளவிலேயே அது நின்றது. அந்தப் பசியைத் தணிக்க 1980-களில் படச்சுருள் நாடாக்களை வாடகைக்குத் தரும் கடைகள் சிற்றூர்களிலும் எழுந்தன. ஒரு நாடா பல வீடுகளைச் சுற்றி வந்தது. அவற்றுள் முறையாக உரிமை பெற்றவை எவை, திருட்டுப் படிகள் எவை என்று எவரும் ஆராயவில்லை. மொழிக்கான வேட்கை மிகுந்து, அதனை நிறைவு செய்யும் முறையான வழி குறுகியிருக்கும்போது, முறையற்ற வழி தானே திறந்துகொள்கின்றது. பிற்காலத்து மலிவுப் பெட்டிகளின் கதைக்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டுவிட்டது எனலாம்.

தொலைக்காட்சிக்கான உரிமக் கட்டணத்தை மலேசியா 1999-இல் கைவிட்டது. சிங்கப்பூர் 2011-இல் கைவிட்டது. அதனால் பார்க்கும் உரிமை விலையின்றிக் கிடைத்துவிட்டது என்று எண்ணுதல் பொருந்தாது. அரசின் உரிமம் மறைந்த காலத்தில்தான் தனியார் நிறுவனத்தின் மாதச் சந்தா வேரூன்றிக்கொண்டிருந்தது.

விண்ணிலிருந்து வந்த தமிழ்

1996-க்கு முன்னர் மலேசியாவில் இல்லங்கள் துணைக்கோள் தட்டுகளை நிறுவிக்கொள்ள இசைவு இல்லை. வெளிநாட்டு ஒளிபரப்பு கட்டுப்பாடின்றி வீட்டுக்குள் புகும் என்று அரசு கருதியது. 1996 சனவரியில் தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து மலேசியாவின் முதல் துணைக்கோளான மியாசாட்-1 விண்ணில் செலுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு தொடங்கியது. இம்முயற்சியின் பின்னணியில் இருந்தவர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 1938-இல் பிறந்த, இலங்கைத் தமிழ் மரபினரான தொழிலதிபர் த. ஆனந்தகிருஷ்ணன். அவர் 2024 நவம்பர் 28-ஆம் நாள் மறைந்தார். தமிழுக்கென்றே வானவில் என்னும் அலைவரிசை அமைந்தபோது, நாளின் எந்நேரமும் தமிழ் ஒலிக்கும் பெட்டி ஒன்று நம் இல்லங்களுக்கு முதன்முதலாகக் கிடைத்தது.

இதன் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது பின்னர்க் கூறப்போவதற்குத் துணைபுரியும். துணைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு இணையாகச் சுற்றுகின்றது. அதனால் நமக்கு அது ஓரிடத்தில் அசையாது நிற்பது போலத் தோன்றுகின்றது. மியாசாட் கோள்கள் நிற்கும் இடம் கிழக்கு நெடுங்கோடு 91.5 பாகை. ஜொகூர் பாருவிலிருந்து நோக்கினால் அது மேற்குத் திசையில் ஏறத்தாழ 75 பாகை உயரத்தில் உள்ளது. ஆகையால்தான் நம் வீடுகளின் தட்டுகள் அடிவானத்தை நோக்காமல் உச்சிவானை நோக்கி நிமிர்ந்திருக்கின்றன. தட்டு வாங்கிய அலைகளை அதன் முன்னுள்ள சிறு கருவி கம்பி வழியாக டிக்கோடருக்கு அனுப்புகின்றது. அலைகள் பூட்டப்பட்ட வடிவில் வருகின்றன. டிக்கோடருக்குள் செருகப்படும் அட்டை, சந்தா செலுத்தியவருக்கு மட்டும் அப்பூட்டைத் திறந்து தருகின்றது. கனமழை பெய்யும்போது நீர்த்துளிகள் அலைகளை உறிஞ்சிக்கொள்வதால் படம் மறைந்துவிடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம்.

எனவே, ஒரு தட்டும் ஒரு டிக்கோடரும் கையில் இருப்பதனால் மட்டும் படம் தெரிந்துவிடாது. பூட்டும் திறவுகோலும் நிறுவனத்தின் கையில் உள்ளன. பழைய உரிமச் சீட்டு மறைந்த இடத்தில் இப்போது ஓர் அட்டை வந்து அமர்ந்துகொண்டது.

ஏலம் என்னும் சொல்லும் லெலோங் என்னும் கூக்குரலும்

தமிழாசிரியர்க்குச் சுவை தரும் ஒரு சொல்லாராய்ச்சியை இவ்விடத்தில் சுட்டுதல் தகும். தமிழில் வழங்கும் ஏலம் என்னும் சொல், போர்த்துக்கீசிய மொழியின் லெய்லாவ் என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர். மலாய் மொழியின் லெலோங் என்னும் சொல்லும் அதே மூலத்திலிருந்து பிறந்தது. ஒரே கப்பலில் வந்த ஒரு சொல் கோரமண்டலக் கரையில் ஒரு வடிவமும் மலாக்கா நீரிணையில் மற்றொரு வடிவமும் கொண்டது. பொருளிலும் அவை பிரிந்துவிட்டன. நம் கோயில் திருவிழாக்களில் பழத்தையும் புடவையையும் ஏலம் விடும்போது விலை ஏறிக்கொண்டே போகும். பக்தியின் பெயரால் பொருளின் மதிப்பினும் பன்மடங்கு கொடுப்போர் உண்டு. இரவுச் சந்தையிலோ வணிகர் லெலோங், லெலோங் என்று கூவும்போது விலை இறங்குகின்றது என்று பொருள். ஒரே மூலச்சொல் ஓரிடத்தில் விலையேற்றத்தையும் மற்றோரிடத்தில் மலிவையும் குறிக்கின்றது.

இணைய ஏலத்தில் இவ்விரு பொருளும் ஒன்றாகக் கலந்தன. 1995 செப்டம்பரில் அமெரிக்காவில் பியேர் ஒமிடியார் தொடங்கிய தளம் பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. அதில் முதலில் விற்ற பொருள், பழுதான ஒரு லேசர் சுட்டி, விலை 14.83 டாலர். அது பழுதானது என்று தெரிந்தே வாங்கியவர் வாங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. குறையை அறிந்து வாங்குவது வணிகம்; குறையை மறைத்து விற்பது வஞ்சகம். முகமறியாத இருவரிடையே நம்பிக்கையை வளர்ப்பதற்காக, வாங்கியோரும் விற்றோரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்துரைக்கும் முறையை அத்தளம் 1996-இல் கொண்டுவந்தது. மலேசியாவிலும் 1990-களின் இறுதியில் லெலோங் என்னும் பெயரையே தாங்கிய ஓர் இணைய ஏலத்தளம் எழுந்தது. சந்தைக் கூக்குரல் கணினித் திரைக்குள் புகுந்தது.

மலிவின் காரணங்கள்

டிக்கோடர் ஒன்று ஏலத்தில் மிக மலிவாக வருவதற்குக் காரணங்கள் சில உள்ளன. அவற்றை வரிசையாக நோக்குவோம்.

முதற்காரணம் தொழில்நுட்ப மாற்றம். ஒளிபரப்பு நிறுவனங்கள் எம்பெக்-2 முறையிலிருந்து எம்பெக்-4 முறைக்கும், பழைய துணைக்கோள் ஒளிபரப்பு முறையிலிருந்து அதன் இரண்டாம் தலைமுறைக்கும் மாறின. மாறிய பின்னர்ப் பழைய பெட்டி புதிய அலையைப் புரிந்துகொள்ளாது. பயனற்றுப்போன அப்பெட்டிகள் அழகாகத் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. பெட்டியில் விளக்கு எரியும். படம் மட்டும் வராது.

இரண்டாவது காரணம், பெட்டியும் அட்டையும் இணைக்கப்பட்டிருத்தல். ஒருவரின் சந்தாவுக்கென அமைத்த பெட்டியை மற்றொருவர் வாங்கினால், நிறுவனம் தன் பதிவேட்டில் அதனை ஏற்றுக்கொண்டாலன்றி அது திறக்காது. சந்தாதாரருக்குப் பயன்படுத்தக் கொடுக்கப்பட்ட பெட்டி அவருக்கே சொந்தமானதன்று என்று ஒப்பந்தத்தில் எழுதியிருத்தலும் உண்டு. அத்தகைய பெட்டியை அவர் விற்கவே உரிமை பெற்றவரல்லர்.

மூன்றாவது காரணம் துணைக்கோளின் எல்லை. இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. 2010 சூலையில் இந்தியாவின் இன்சாட்-4பி துணைக்கோளில் மின்கோளாறு ஏற்பட்டது. அதனை நம்பியிருந்த தமிழ்நாட்டின் சன் டைரக்ட் நிறுவனம் தன் ஒளிபரப்பை மியாசாட்-3 துணைக்கோளுக்கு மாற்றியது. சென்னை இல்லத்துக்கும் ஜொகூர் இல்லத்துக்கும் ஒரே மலேசியக் கோளிலிருந்து தமிழ் பொழிந்தது. ஆயினும், தெற்காசியாவை நோக்கிய கற்றை வேறு. மலேசியாவை நோக்கிய கற்றை வேறு. ஒரே விளக்கின் ஒளியை இரு வேறு கண்ணாடிகள் இரு திசைகளில் செலுத்துவது போன்றது இது. இந்தியாவிலிருந்து மலிவாக வரவழைத்த பெட்டி ஜொகூரில் ஊமையாக இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். மொழி ஒன்றாயினும் அலைக்கு நாட்டெல்லை உண்டு.

நான்காவது காரணம் சட்டமீறல். பூட்டை முறையின்றித் திறக்கும் பெட்டிகளும், சந்தா இன்றி எல்லா அலைவரிசைகளையும் இணையம் வழியாகக் காட்டும் பெட்டிகளும் மலிவாக விற்கப்பட்டன. 2022 மார்ச் 18-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், இத்தகைய தொழில்நுட்பத்தை விற்பது, வழங்குவது முதலான செயல்களுக்கு 10,000 ரிங்கிட் முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமளிக்கின்றது. இவ்வகைப் பெட்டி இன்று இயங்கலாம், நாளையே நின்றுபோகலாம். நின்றுபோனால் விற்றவரிடம் முறையிட வழியில்லை.

அறியாமைக்குக் கொடுக்கும் விலை

பொருளியல் அறிஞர் சிலர் இந்நிலையை முன்னரே ஆராய்ந்துள்ளனர். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய மகிழுந்துச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் தரத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஆகவே, வாங்குபவர் சராசரித் தரத்துக்கு உரிய விலையையே கொடுக்க முன்வருவார். அவ்விலைக்கு நல்ல பொருளை வைத்திருப்பவர் விற்க மாட்டார். நாளடைவில் சந்தையில் எஞ்சுவன பெரும்பாலும் பழுதான பொருள்களே. இவ்வாராய்ச்சிக்காக 2001-இல் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அடுத்து 1971-இல் அமெரிக்க எண்ணெய்ப் பொறியாளர் மூவர், ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் பொருளை மிகையாக மதிப்பிட்டவராகவே இருப்பார் என்று காட்டினர். அதனை வென்றவரின் சாபம் என்பர்.

உலக வரலாற்றிலும் இதற்கு ஒரு விந்தையான சான்று உண்டு. கி.பி. 193-இல் ரோமாபுரியின் மெய்க்காவற்படையினர் பேரரசன் பெர்டினாக்ஸைக் கொன்றுவிட்டு, அரியணையையே ஏலம் விட்டனர். மிகுந்த தொகை கூறிய திதியுஸ் யூலியானுஸ் என்பவர் அதனை வாங்கினார். அவர் ஆட்சி ஏறத்தாழ ஒன்பது வாரங்களே நீடித்தது. விற்றவர்களிடம் வாளும் வாசலும் இருந்தன; நாட்டின் ஒப்புதலைத் தரும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. தம்மிடம் இல்லாததை அவர்கள் விற்றார்கள். தமக்குக் கிடைக்காததற்கு அவர் விலை கொடுத்தார். ஏலத்தில் டிக்கோடர் வாங்குவோரும் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி இது. பெட்டியை விற்பவரால் பெட்டியைத்தான் கொடுக்க முடியும்; பார்க்கும் உரிமையைக் கொடுக்க முடியாது.

சட்டம் வாங்குவோரை முற்றும் கைவிட்டுவிடவில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 2007-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் மின்வணிகத்தையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. அதன் கீழ் அமைந்த விதிகளின்படி, இணையத்தில் வணிகம் செய்வோர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், முழு விலை முதலியவற்றை வெளியிட வேண்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். அதன் வரம்பு 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தால் 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால், இப்பாதுகாப்பு வணிகம் செய்வோரை நோக்கியது. தம் வீட்டுப் பழம்பொருளை ஒருமுறை விற்கும் தனிமனிதருக்கும் முகவரி தராத மறைவிற்பனையாளருக்கும் எதிராக அது எளிதில் பயன் தராது. விற்பவரின் பெயரும் முகவரியும் கேட்டறிவதே முதற்காப்பு.

ஏழை இல்லமும் முறையான வழியும்

மலிவுப் பெட்டியை நாடியோரைப் பேராசைக்காரர் என்று இகழ்வது எளிது, அது நீதியாகாது. துணைக்கோள் தொலைக்காட்சியை நடத்தும் தனியுரிமை 2017 வரை ஒரே நிறுவனத்திடம் இருந்தது. மாற்று இல்லாத இடத்தில் விலையைப் பற்றிப் பேரம் பேச இயலாது. 1980-களிலும் 1990-களிலும் தோட்டங்களை விட்டு நகரங்களுக்கும் பாசிர் கூடாங் போன்ற தொழிற்பேட்டை வட்டாரங்களுக்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்களுக்கு வாடகை, போக்குவரத்து, பள்ளிச் செலவு ஆகியவற்றோடு சந்தாவும் சேர்ந்தது. தோட்டத்தில் பொதுவாக இருந்த கேளிக்கை நகரத்தில் மாதந்தோறும் விலை கொடுத்துப் பெறும் பண்டமாயிற்று.

இதற்கு மாற்றாக இரு வழிகள் பின்னர்த் திறந்தன. 2012 பிப்ரவரியில் தொடங்கிய என்ஜோய் சேவையில், பெட்டிக்கும் தட்டுக்கும் ஒருமுறை பணம் செலுத்தினால் மாதச் சந்தா இன்றிச் சில அலைவரிசைகளைப் பார்க்கலாம். 2019 அக்டோபர் 31-ஆம் நாளோடு நாடு முழுவதும் பழைய ஒப்புமை முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு முடிவுற்று, தரைவழி இலக்கமுறை ஒளிபரப்பு அதன் இடத்தைப் பெற்றது. அதற்கான பெட்டிகளைக் குறைந்த வருமானம் பெறும் குடும்பங்களுக்கு அரசு இலவசமாகவே வழங்கியது. சிங்கப்பூரும் 2019-இன் தொடக்கத்தில் தன் பழைய ஒளிபரப்பை நிறுத்தியதால், ஜொகூரின் தென்கோடி இல்லங்களில் இரு நாட்டுப் பழைய அலைகளும் ஒரே ஆண்டில் மறைந்தன.

இப்பெட்டிகள் கேளிக்கைக்கு மட்டும் உரியன என்று எண்ணுவது தவறு என்பதைப் பெருந்தொற்று உணர்த்தியது. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. கணினியும் இணையமும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியே வகுப்பறையாயிற்று. 2021 பிப்ரவரி 17-ஆம் நாள் கல்வி அமைச்சின் டிடிக் டிவி தொடங்கியது. அந்நாளில் ஒரு வீட்டில் இயங்கும் பெட்டி இருந்ததா, ஏலத்தில் வாங்கிய ஊமைப் பெட்டி இருந்ததா என்பது ஒரு மாணவனின் கல்வியைத் தொட்ட வினாவாயிற்று. முறையான இலவச வழி இருப்பதை அறியாமல், முறையற்ற மலிவு வழிக்குப் பணம் கொடுத்த குடும்பங்களின் இழப்பு இரு மடங்காகும்.

2021 சூன் 21-ஆம் நாள் மியாசாட்-3 துணைக்கோளில் கோளாறு நேர்ந்து, ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு தடைபட்டது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2022 சூன் 22-ஆம் நாள் மியாசாட்-3டி விண்ணில் செலுத்தப்பட்டது. மிக உயர்ந்த விலை கொடுத்த சந்தாதாரரும் விண்ணிலுள்ள ஒரு கருவியின் நலத்தையே நம்பியிருக்கின்றார் என்பது அன்று அனைவருக்கும் தெரிந்தது.

மொழியின் பங்கு

இறுதியாக, தமிழாசிரியரும் மாணவரும் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி, இந்நாட்டுத் தமிழ் நாடகத்தையும் தொலைக்காட்சிப் படத்தையும் ஆவணப்படத்தையும் ஆக்குவோரைச் சென்றடைகின்றது. திருட்டுப் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு காசும் அவர்களைச் சேர்வதில்லை. நம் கதைகள் திரையில் வரவில்லையே என்று வருந்தும் நாமே, அக்கதைகளை எழுதுவோரின் ஊதியத்தைத் துண்டிக்கும் பெட்டியை வீட்டில் வைத்திருப்பது பொருந்துமா? அதே வேளையில், எளியோர் செலுத்தக்கூடிய கட்டணத்தில் தமிழ் கிடைக்கச் செய்யும் கடமை ஒளிபரப்புவோர்க்கும் உண்டு. 1980-களின் நாடாக்கடைகள் நமக்குக் காட்டியது இதுதான்: முறையான வழி அகலமாக இருந்தால் முறையற்ற வழியில் புல் முளைத்துவிடும்.

பள்ளிகளில் ஆற்றக்கூடிய பணியும் உண்டு. ஒரு விளம்பரத்தை மாணவர் முன் வைத்து, இதில் விற்கப்படுவது கருவியா, உரிமையா, இரண்டுமா என்று வினவச் செய்யலாம். இப்பெட்டி எந்த முறையிலான அலையை வாங்கும், எந்தக் கோளுக்கு உரியது, அட்டை யார் பெயரில் உள்ளது, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தரச்சான்று உண்டா, பழுதானால் யாரிடம் முறையிடுவது என்னும் ஐந்து வினாக்களை எழுதக் கற்றுக்கொடுத்தால், அது மொழிப்பாடமும் வாழ்க்கைப் பாடமும் ஆகும். மேலும், தாத்தா பாட்டியரிடம் அவர்களின் முதல் வானொலியைப் பற்றிக் கேட்டு எழுதச் செய்யலாம். கூலாய், குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களில் ஒலித்த பெட்டிகளைப் பற்றிய நினைவுகள், அவற்றைக் கேட்டவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன.

1921-இல் ஜொகூர் வானில் முதற்குரல் எழுந்தபோது, அதனைக் கேட்கும் கருவியும் உரிமையும் நம் முன்னோர்க்கு இல்லை. இன்று கருவி எளிதில் கிடைக்கின்றது. ஏலத்தில் இன்னும் எளிதாகக் கிடைக்கின்றது. எஞ்சியிருப்பது உரிமையைப் பற்றிய அறிவே. அவ்வறிவை நம் மாணவர்க்கு ஊட்டுவோமாயின், அவர்கள் பெட்டியின் விலையைக் கேட்குமுன் அதன் வரலாற்றையும் கேட்பார்கள்.